புண்ணைக் கிளறாமல் மருந்திட முடியுமா? மனவடுச் சிகிச்சை குறித்த ஒரு கேள்வியும் தொடர்குறிப்புகளும்

வாசகி ஒருவரின் கேள்வி, 4 மார்ச் 2025

என் அண்ணன் ஒரு தீ விபத்தில் உயிர் தப்பியவர். ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது. இரவில் தூக்கமில்லை, புகை வாசனை வந்தாலே உடல் நடுங்குகிறது, உடன் வேலை செய்தவர்கள் அழைத்தால் தொலைபேசியை எடுப்பதில்லை. நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் ஒரு சிகிச்சைக்குப் போகுமாறு மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆறிவரும் புண்ணைக் கிளறுவதாகவே எனக்குப் படுகிறது. பேரிடருக்குப் பின் மக்களைப் பேசவைத்தால் தீங்கு விளைகிறது என்று ஆய்வுகள் சொல்வதாகவும் படித்தேன். பிறகு இது எப்படிச் சிகிச்சையாகும்?

4 மார்ச், இரவு

உங்கள் கேள்விக்குள் இரண்டு வெவ்வேறு செயல்கள் கலந்துகிடக்கின்றன. நீங்கள் படித்த தீங்கு, நிகழ்வு நடந்த சில நாள்களுக்குள், நோய் இருக்கிறதா இல்லையா என்று பாராமல், அகப்பட்ட எல்லோரையும் ஒரே ஓர் அமர்வில் உட்காரவைத்து, கண்டதையும் உணர்ந்ததையும் சொல்லச் சொல்லும் முறையைப் பற்றியது. அவசர மீட்புப் பணியாளர்களுக்காக ஜெஃப்ரி மிட்செல் 1983இல் வகுத்த முறை அது. பிறகு பாதிக்கப்பட்ட தனிமனிதர்களுக்கும் பரவியது. ஜொனாதன் பிஸ்ஸனும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், தீக்காயத்துடன் மருத்துவமனையில் சேர்ந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் அந்த அமர்வை அளித்தார்கள். பதின்மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, அமர்வு பெற்றவர்களில் 26 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 9 விழுக்காட்டினருக்கும் பேரதிர்ச்சிக்குப் பின் நீங்காமல் தங்கும் மனவடு நோய், அதாவது பி.டி.எஸ்.டி., இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் அந்த முறை வேண்டாம் என்கிறது.

உங்கள் அண்ணனுக்கு எழுதிக் கொடுத்திருப்பது அதுவன்று. ஒன்றரை ஆண்டு கழிந்தும் நோய் நிற்கிறது என்று உறுதிசெய்த பிறகு, பயிற்சி பெற்ற ஒருவர், பல வாரங்கள், படிப்படியாகச் செய்வது. பேரதிர்ச்சிக்கு ஆளாகிறவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ தாமாகவே மீண்டுவிடுகிறார்கள். பல நாடுகளில் நடத்தப்பட்ட உலக மனநலக் கணக்கெடுப்புகளின்படி, ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையேனும் அத்தகைய நிகழ்வைச் சந்திக்கிறார்கள். மனவடு நோய் வருவதோ மொத்த மக்களில் 3.9 விழுக்காட்டினருக்கு. முதல் வாரத்தில் எல்லோரையும் கிளறுவது, தானாக ஆறிக்கொண்டிருக்கும் புண்ணில் கைவைப்பதாகும். உங்கள் அண்ணனுடையது ஆறிவரும் புண் என்று எனக்குத் தோன்றவில்லை. மேல்தோல் மூடி உள்ளே சீழ் வைத்திருக்கிறது.

4 மார்ச், சற்று நேரம் கழித்து

சொல்ல விட்டுப்போனது: நான் மருத்துவனோ சிகிச்சையாளனோ அல்லன். எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் ஓட்டிய கார் விபத்துக்குள்ளாகி, அருகில் அமர்ந்திருந்த என் சக ஊழியர் இறந்தார். ஐந்து ஆண்டுகள் வீணாகக் கழிந்த பிறகே உரிய சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்த ஐந்து ஆண்டுகளுக்காகவே இங்கே எழுதுகிறேன்.

6 மார்ச்

அமர்வில் என்னதான் நடக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அளிக்கப்பட்டது எட்னா ஃபோவா உருவாக்கிய நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சை. பொதுவாக எட்டு முதல் பதினைந்து அமர்வுகள். பெரும்பாலும் ஒவ்வொன்றும் தொண்ணூறு நிமிடம். முதல் இரண்டு அமர்வுகளில் விபத்தைப் பற்றி விரிவாக எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. நோய் எப்படி நிலைத்து நிற்கிறது என்று விளக்கினார்கள், நான் எவற்றையெல்லாம் தவிர்க்கிறேன் என்று ஒரு பட்டியல் போட்டோம். மழை, இரவுச் சாலை, லாரியின் பின்புறம், இறந்தவரின் பெயர் கொண்ட மற்றவர்கள் என அது இரண்டு பக்கம் நீண்டபோதுதான், என் வாழ்க்கை எவ்வளவு சுருங்கியிருந்தது என்பதை முதன்முறையாக எழுத்தில் பார்த்தேன்.

மூன்றாம் அமர்விலிருந்து கண்ணை மூடிக்கொண்டு, நிகழ்காலத்தில், ‘மழை பெய்கிறது, நான் ஓட்டுகிறேன்’ என்று சொல்லத் தொடங்கவேண்டும். முடிந்ததும் மறுபடியும் தொடக்கத்திலிருந்து. முப்பது, நாற்பது நிமிடம் இப்படிப் போகும். இடையிடையே பதற்றம் நூற்றுக்கு எத்தனை என்று சிகிச்சையாளர் கேட்பார். பிறகு கண்ணைத் திறந்து, சொன்னதைப் பற்றிப் பேசுவோம். அமர்வின் ஒலிப்பதிவை வீட்டில் நாள்தோறும் கேட்கவேண்டும். முதல் வாரம் நான்கு நாள்தான் கேட்டேன். மற்ற மூன்று நாளும் கேட்டதாகப் பொய் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஐந்தாம் அமர்வில் நடந்ததை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ‘நான் பிரேக்கை மிதிக்கவில்லை’ என்பதே ஐந்து ஆண்டுகளாக என் மனத்தில் கல்வெட்டாக நின்ற வாக்கியம். அன்று அந்த இரண்டு நொடியை மட்டும் மெதுவாக, திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ, வலது முழங்கால் நேராக நீண்டு இறுகியிருந்தது என்று என் வாய் சொல்லியது. அதை நான் அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. இப்படித் திரும்பி வரும் நினைவை அப்படியே நம்பிவிடக் கூடாது என்று எச்சரித்த அவரே, காவல்துறை வரைபடம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது; ஐந்து ஆண்டுகளாக அலமாரியில், பிரிக்காத உறையில். அதில் சாலையின்மீது பதினொரு மீட்டர் டயர்த் தடம் குறிக்கப்பட்டிருந்தது. நான் மிதித்திருக்கிறேன்.

7 மார்ச்

பயம் தேய்ந்துபோவதுதான் காரணமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஃபோவாவும் மைக்கேல் கோசாக்கும் 1986இல் முன்வைத்த விளக்கத்தில், அச்சம் எழவேண்டும், எழுந்தபின் அதற்குப் பொருந்தாத புதிய செய்தி உள்ளே நுழையவேண்டும் என்ற இரண்டும் உண்டு. ஓர் அமர்வுக்குள்ளேயே பதற்றம் இறங்குவது முக்கியம் என்று முன்பு கருதினார்கள். அந்த இறக்கம் பலனை அவ்வளவாக முன்னறிவிப்பதில்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. என் அமர்வுகளிலும் 80இல் தொடங்கி 80இலேயே முடிந்த நாள்கள் இருந்தன. அன்றெல்லாம் தோற்றுவிட்டதாக எண்ணி வீடு திரும்பினேன். அந்த எண்ணத்துக்கு ஆதாரமில்லை என்பதை யாரேனும் அப்போதே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆகவே உங்கள் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சிகிச்சையில்லாமலே நானும் விபத்தை நாள்தோறும் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன், அது ஏன் குணப்படுத்தவில்லை என்பது இன்னும் கூர்மையான கேள்வி. நான் நினைத்ததெல்லாம் ‘ஏன் கிளம்பினேன், ஏன் என் உயிர் மட்டும் மிஞ்சியது’ என்ற கேள்விகளை. அவை நிகழ்வைச் சுற்றி வட்டமிட்டனவே தவிர, அதற்குள் ஒருமுறைகூட இறங்கவில்லை. முழங்கால் இறுகியது அந்த ஐந்து ஆண்டு அசைபோடலில் ஒருநாளும் வராமல், ஐந்தாம் அமர்வில் வந்தது இதனால்தான் என்று நம்புகிறேன்.

7 மார்ச், இரவு: ஒரு திருத்தம்

முதல் குறிப்பில் 26, 9 என்ற எண்களை வெறுமனே எழுதிவிட்டேன். அது முறையன்று. குலுக்கல் முறையில் பிரித்திருந்தும், அமர்வு பெற்ற பிரிவினருக்குத் தொடக்கத்திலேயே தீக்காயம் கடுமையாகவும் மன அறிகுறிகள் அதிகமாகவும் இருந்ததாக ஆய்வாளர்களே பதிவுசெய்திருக்கிறார்கள். ஆகையால் அந்த இடைவெளி முழுவதையும் அமர்வின்மேல் ஏற்ற முடியாது. எனினும் சாலை விபத்தில் காயமுற்றவர்களை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து 2000இல் வெளிவந்த ரிச்சர்ட் மேயூ, ஆன்கே ஏலர்ஸ், ஹாப்ஸ் ஆகியோரின் ஆய்விலும் இதே திசைதான் தெரிகிறது: தொடக்கத்தில் அறிகுறிகள் கடுமையாக இருந்தவர்களில், உடனடி அமர்வு பெற்றவர்கள் அப்படியே நின்றார்கள், பெறாதவர்கள் தேறினார்கள். என் முடிவு மாறவில்லை. எண்ணை மட்டும் எச்சரிக்கையோடு வாசியுங்கள்.

9 மார்ச்

டயர்த் தடத்தோடு கதை முடிந்துவிட்டதாக நான் எழுதியது போலப் பலர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். முடியவில்லை. பிரேக்கை மிதித்தேன் என்று தெரிந்த இரண்டே வாரத்தில் குற்றவுணர்வு வேறிடத்துக்குக் குடிபெயர்ந்தது: ‘அன்று பயணத்தைத் தள்ளிப்போட்டிருக்கலாம்.’ கனவுகள் குறைந்தன, மழையில் ஓட்ட முடிந்தது, ஆனால் இறந்தவருடைய குடும்பத்தாரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்தக் கட்டத்தில் என் சிகிச்சையாளர், பட்ரீசியா ரெசிக் உருவாக்கிய சி.பி.டி. (CPT) என்னும் சிந்தனைச் சீராக்க முறையின் பணித்தாள்களைக் கையிலெடுத்தார். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் தொடங்கி, 1992இல் வெளியிடப்பட்ட முறை அது. வழக்கமாகப் பன்னிரண்டு அமர்வுகள். அந்த நிகழ்வு ஏன் நடந்தது என்று நம்புகிறீர்கள், அதனால் உங்களைப் பற்றியும் பிறரைப் பற்றியும் உலகைப் பற்றியும் என்ன முடிவுக்கு வந்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். அந்தப் பக்கத்திலிருந்து, மனம் சிக்கிக்கொண்டு நகராமல் நிற்கும் வாக்கியங்களைப் பொறுக்கியெடுத்து, ஒவ்வொன்றுக்கும் சாட்சியம் கேட்பார்கள். ‘மழை வரும் என்று அன்று காலையில் உங்களுக்குத் தெரியுமா? லாரியின் பின்விளக்கு எரியாது என்று தெரியுமா? தெரிந்தே கிளம்பியவருக்கும் தெரியாமல் கிளம்பியவருக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவீர்களா?’ இவை ஆறுதல் வார்த்தைகள் அல்ல. ‘உன்மேல் தப்பில்லை’ என்று ஐந்து ஆண்டுகளாக எல்லோரும் சொன்னார்கள். என்னிடம் கேள்வி கேட்டவர் இவர் ஒருவரே.

2008இல் ரெசிக்கும் குழுவினரும் இந்த முறையைப் பகுதிபகுதியாகப் பிரித்துச் சோதித்தார்கள். நிகழ்வை விரிவாக எழுதும் பகுதியை நீக்கிவிட்டு, சிந்தனையை ஆராயும் பகுதியை மட்டும் வைத்தபோதும் பலன் குறையவில்லை. ஆகவே சகோதரி, திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றே வழி என்று நான் முதல் இரண்டு நாள் எழுதிய தொனியைத் திருத்திக்கொள்கிறேன். விவரித்துச் சொல்லாமலே குணமடையும் வழியும் சான்றோடு இருக்கிறது. உங்கள் அண்ணன் அதைக் கேட்டுப் பெறலாம்.

10 மார்ச்

கண்ணை இடமும் வலமும் அசைக்கவைக்கும் இ.எம்.டி.ஆர். பற்றி மூவர் கேட்டுவிட்டார்கள். ஃபிரான்சின் ஷப்பீரோ 1989இல் முதல் ஆய்வை வெளியிட்டார். எட்டுக் கட்டங்கள் கொண்டது. நினைவை மனத்தில் நிறுத்தியபடி சிகிச்சையாளரின் விரலசைவைக் கண் பின்தொடரும். வாய்விட்டுச் சொல்லவேண்டியது குறைவு என்பதால் சிலருக்கு இதுவே ஒத்துவருகிறது. பலன் தருகிறது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. கண்ணசைவு அந்தப் பலனைக் கூட்டுகிறதா என்பதில்தான் சண்டை: 2001இல் வந்த தொகுப்பாய்வு கூட்டவில்லை என்றது, 2013இல் வந்தது கூட்டுகிறது என்றது. நோயாளியாக எனக்கு அந்தச் சண்டை இரண்டாம்பட்சம்.

13 மார்ச்

இரண்டு நாளாக மனம் ஒப்பவில்லை. எனக்குப் பலித்ததை எழுதும்போது, பலிக்காதவர்கள் இந்தப் பக்கத்திலிருந்து காணாமல் போய்விடுகிறார்கள். என்னோடு அதே காலத்தில் அதே சிகிச்சையைத் தொடங்கிய ஒருவர் மூன்றாம் அமர்வோடு நின்றுவிட்டார். அவரைக் கோழை என்று நான் ஒருகாலத்தில் மனத்துக்குள் நினைத்தேன். அது தவறு, அவரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

மெய்யான நிலை இது. படைவீரர்களிடமும் முன்னாள் படைவீரர்களிடமும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளிவந்த மதிப்பாய்வு, நீடித்த எதிர்கொள்ளல், சி.பி.டி. ஆகிய இரண்டில் ஒன்றைப் பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குச் சிகிச்சைக்குப் பிறகும் நோய் எஞ்சியிருந்தது என்று கண்டது. அதே மதிப்பாய்வில், 49 முதல் 70 விழுக்காட்டினருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றமும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே வாசிக்கவேண்டும். போலா ஷ்னர் குழுவினர் 2007இல் பெண் படைவீரர்களிடம் நடத்திய ஒப்பீட்டில், நீடித்த எதிர்கொள்ளலுக்குப் பின் 41 விழுக்காட்டினரும், அதிர்ச்சி நினைவைத் தொடாமல் இன்றைய சிக்கல்களை மட்டும் பேசும் சிகிச்சைக்குப் பின் 27.8 விழுக்காட்டினரும் நோய் வரையறையிலிருந்து வெளியே வந்தார்கள். வேறுபாடு உண்மையானது, ஆனால் நினைவைத் தொடாத சிகிச்சையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை.

பாதியில் நிற்பவர்களைப் பற்றி நான் அதிகம் மதிப்பது டெனிஸ் ஸ்லோன், பிரையன் மார்க்ஸ் ஆகியோரின் எழுத்துவழி எதிர்கொள்ளல் முறையை. ஐந்தே அமர்வுகள். வீட்டுப்பாடம் இல்லை. முப்பது நிமிடம் கையால் எழுதுவது, அதைப் பற்றிச் சற்றே பேசுவது. 2018இல் வெளியான ஆய்வில் இதைப் பன்னிரண்டு அமர்வு சி.பி.டி.யோடு ஒப்பிட்டார்கள், பலன் பின்தங்கவில்லை. பாதியில் விலகியவர்களோ இங்கே சுமார் 6 விழுக்காடு, அங்கே சுமார் 40. ஒலிப்பதிவைக் கேட்டதாகப் பொய் சொன்னவன் என்ற முறையில் அந்த எண்ணைப் பார்த்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் அமர்வோடு நின்ற அந்த நண்பருக்கு ஒருவேளை இது பொருந்தியிருக்கும்.

14 மார்ச்

மாத்திரைகள் பற்றிச் சுருக்கமாக. செர்ட்ரலின், பராக்செட்டின், வென்லஃபாக்சின் ஆகியவற்றுக்குச் சான்று உண்டு. சிகிச்சையாளர் கிடைக்காத இடத்திலும், மனச்சோர்வு உடன் இருக்கும்போதும் அவை பெருந்துணை. பென்சோடயசெப்பீன் வகைத் தூக்க மாத்திரைகளை இந்த நோய்க்குத் தரவேண்டாம் என்பதே பல வழிகாட்டுதல்களின் நிலை. எனக்கு அவை மூன்று ஆண்டுகள் தரப்பட்டன. இரவு கழிந்தது, நோய் கழியவில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாகத் திடீரென நிறுத்தக் கூடாது. அது ஆபத்து, மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும்.

18 மார்ச்

நீங்கள் நேற்று எழுதியதைப் படித்தேன். தீ விபத்து மட்டுமன்று, சிறுவயதில் வீட்டிலேயே அடிபட்டு வளர்ந்தவர் உங்கள் அண்ணன் என்பது இந்த உரையாடலின் அளவையே மாற்றிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பகுப்பின் பதினோராம் பதிப்பு, 2022 முதல் நடைமுறையில் இருப்பது, சிக்கலான மனவடு நோய் என்று தனியே ஒன்றை வரையறுக்கிறது. வழக்கமான அறிகுறிகளோடு, உணர்ச்சியைக் கட்டுப்படுத்த முடியாமை, தன்னை மதிப்பற்றவன் என்று கருதுவது, உறவுகளில் நெருங்க முடியாமை ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பது அது.

இத்தகையவர்களுக்கு முதலில் நெடுங்காலம் மனத்தை நிலைப்படுத்திவிட்டுத்தான் நினைவைத் தொடவேண்டும் என்று ஒரு தரப்பும், அந்தக் காத்திருப்பு உதவியைத் தள்ளிப்போடுகிறது என்று மறுதரப்பும் வாதிடுகின்றன. மரிலீன் குளோய்ட்ரேயின் முறை, உணர்ச்சியைக் கையாளும் திறன்களை முதலில் கற்பித்துவிட்டு நினைவுக்குப் போவது. ஆட் டி யோங் முதலானோர் 2016இல் எழுதிய கட்டுரை, நிலைப்படுத்தும் கட்டம் இன்றியமையாதது என்பதற்குப் போதிய சான்றில்லை என்றது. ஒரே ஒரு விபத்தைச் சுமந்த நான் இதில் தீர்ப்புச் சொல்லத் தகுதியற்றவன். ஆனால் ‘உங்களுக்கு இன்னும் தாங்கும் திறன் வரவில்லை’ என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவைக்கப்பட்டவர்களோடு பேசியிருக்கிறேன். அந்தச் சொற்களே இன்னொரு காயமாக நின்றதைக் கண்டிருக்கிறேன்.

பல அடிகளைச் சுமப்பவருக்கென்றே வகுக்கப்பட்ட இன்னொன்று, மாகி ஷாவர், ஃபிராங்க் நோய்னர், தாமஸ் எல்பர்ட் ஆகியோரின் கதைவழி எதிர்கொள்ளல் சிகிச்சை. தரையில் ஒரு கயிற்றைப் பிறப்பிலிருந்து இன்றுவரை நீளும் வாழ்க்கையாக விரிப்பார்கள். துயரத்துக்குக் கல், மகிழ்ச்சிக்குப் பூ. பிறகு காலவரிசையில் ஒவ்வொரு கல்லாகச் சொல்லி, சிகிச்சையாளர் அதை எழுதி, முடிவில் முழு வாழ்க்கைக் கதையாகக் கையில் தருவார். உகாண்டாவின் அகதிக் குடியிருப்புகளில், பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்களே இதை அளித்துப் பலன் கண்டார்கள். காங்கோ ஜனநாயகக் குடியரசில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உள்ளூர்ப் பணியாளர்கள் குழுவாக சி.பி.டி. அளித்த ஆய்வு 2013இல் வெளிவந்தது: ஆறு மாதம் கழித்து, குழுச் சிகிச்சை பெற்றவர்களில் 9 விழுக்காட்டினருக்கும், தனிப்பட்ட ஆதரவு மட்டும் பெற்றவர்களில் 42 விழுக்காட்டினருக்கும் மனச்சோர்வோ பதற்றமோ நோயளவில் இருந்தது. பெரிய பட்டம் பெற்ற நிபுணர் இல்லையே என்று கைவிரிப்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த ஆய்வைத்தான்.

எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. இலங்கையின் வடகிழக்கில் போரையும் ஆழிப்பேரலையையும் கண்ட சிறுவர்களிடம், கதைவழி முறையையும் தியானமும் தளர்வுப் பயிற்சியும் சேர்ந்த முறையையும் ஒப்பிட்டு 2009இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இரண்டு பிரிவும் நன்றாகவே தேறின. சிறிய ஆய்வுதான். இருந்தாலும் என் நம்பிக்கைக்கு இடையூறாக இருக்கும் முடிவுகளையும் இங்கே வைக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

22 மார்ச்

அண்ணன் போகச் சம்மதித்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் நாளில் சிகிச்சையாளரிடம் கேட்கவேண்டியவை: நீங்கள் செய்யப்போகும் முறையின் பெயர் என்ன, அதில் எங்கே பயிற்சி பெற்றீர்கள், எத்தனை அமர்வு, முன்னேற்றத்தை எதைக் கொண்டு அளப்பீர்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். எனக்கு இருபது கேள்விகள் கொண்ட, 0 முதல் 80 வரை மதிப்பெண் வரும் பி.சி.எல்-5 தாளைப் பயன்படுத்தினார்கள். 54இல் தொடங்கினேன், நான்காம் அமர்வில் 58 ஆனது, முடிவில் 21. அந்த 58ஐத் தாளில் பார்த்து, இது எதிர்பார்த்ததுதான் என்று அவர் சொல்லாதிருந்தால் நானும் நின்றிருப்பேன்.

வீட்டாரைப் பற்றியும் சொல்லவேண்டும். என் மனைவி மூன்று ஆண்டுகள், நான் கேட்காமலே, அந்தச் சாலையைத் தவிர்த்துச் சுற்றுவழியில் ஓட்டினார். அன்பினால் செய்தார். சிகிச்சையாளர் அவரையும் ஓர் அமர்வுக்கு அழைத்து, இனி நேர்வழியில் போகலாம், வாரம் எவ்வளவு தூரம் என்பதை இவரே முடிவுசெய்யட்டும் என்றார். புகை வாசனை வரக்கூடிய எதையும் அண்ணன் அருகே வராமல் நீங்கள் தடுத்துவைத்திருப்பதாக எழுதினீர்கள். அதை நாளைக்கே மாற்றிவிடாதீர்கள். அவரிடம் சொல்லாமல் திடீரென எதிர்கொள்ளவைப்பது சிகிச்சையாகாது. எதை, எப்போது விடுவது என்ற பட்டியலை அவரும் சிகிச்சையாளரும் போடும்போது, உங்கள் காவலையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

22 மார்ச், இரவு

அமர்விலிருந்து வந்ததும் ‘என்ன சொன்னாய்’ என்று கேட்கலாமா என்கிறீர்கள். கேட்கவேண்டாம். அந்த முதல் சில வாரங்களில் கனவு கூடலாம், எரிச்சல் வரலாம். பெரும்பாலும் அது தணிந்துவிடும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை அவர் சொன்னால் மட்டும் அடுத்த அமர்வுவரை காத்திராமல் உடனே மருத்துவரை அழையுங்கள். மற்றபடி, அடுத்த அமர்வு எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கேட்டு, அந்த நேரத்தில் அவரைக் கொண்டுபோய் விடுங்கள்.